தண்டனை எதுவும் இல்லை, ஆனாலும் அண்ணன் பெயர் ஸ்டேஷன் லிஸ்டில் இருக்கிறது. எப்படி எடுப்பது?

அலைவாய்க்கரை:
அவசரம். எங்க அண்ணன் பெயர் ஸ்டேஷனில் ஏதோ லிஸ்டில் இருக்காம். கேஸ் எல்லாம் முடிஞ்சு வருஷக்கணக்கு ஆச்சு. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினாங்க. வாசல் லைட்டைப் போடச் சொல்லி, அண்ணனை நிற்க வைத்து செல்போனில் போட்டோ எடுத்தாங்க. பிள்ளைகள் எந்த ஸ்கூல், எத்தனாம் வகுப்பு என்று கேட்டு நோட்டில் எழுதிட்டுப் போனாங்க. சின்னவள் எழும்பி அழுதவள் விடியும்வரை தூங்கவில்லை. இப்போ அண்ணனுக்குக் கத்தாரில் வேலை வந்திருக்கு, போலீஸ் சர்டிபிகேட் கேட்கிறாங்க. பெயரை எடுக்க யாரிடம் போகணும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

தக்கலைக்காரன்:
என்ன கேஸ், எந்த வருஷம் என்று சொல்லவில்லையே தங்கச்சி. 'முடிஞ்சது' என்றால் விடுதலையா, அபராதம் கட்டினாரா, இல்லை போலீஸே விட்டுவிட்டதா? மூன்றும் வேறு வேறு.

இரணியல் செல்வி:
முதலில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க. பத்து ரூபாய்தான். எந்தப் பட்டியல், எப்போது சேர்த்தார்கள், யார் உத்தரவு என்று கேளுங்க. முப்பது நாளில் பதில் சொல்லியே ஆகணும்.

விளவங்கோடு வாத்தியார்:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 'ஏதோ லிஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஹிஸ்டரி ஷீட்டா, ரவுடி ஷீட்டா, வெறும் வழக்குப் பதிவா? அது தெரியாமல் யாரும் உதவ முடியாது. ஆர்.டி.ஐ. ஆலோசனையும் அரைகுறை. கண்காணிப்புப் பதிவேடு ரகசிய ஆவணம் என்று மலாக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டி மனுவைத் திருப்பி அனுப்புவார்கள்.

இரணியல் செல்வி:
அதே மலாக் சிங் தீர்ப்பில், நியாயமான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் ஒருவர் பெயரை ஏற்றக் கூடாது என்றும், கண்காணிப்பு ஒருவருடைய அன்றாட வாழ்க்கைக்குள் புகுந்து தொல்லை தரக் கூடாது என்றும் இருக்கிறது. பாதியை மட்டும் சொல்லாதீங்க சார்.

பழைய ரைட்டர்:
மக்களே, நான் வேறு மாவட்டத்தில் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஹிஸ்டரி ஷீட் என்பது ஒரு கட்டுத் தாள். முதல் பக்கத்தில் பெயர், பட்டப்பெயர், அப்பா பெயர், மச்சம், தழும்பு, போட்டோ. அடுத்து சொந்தக்காரர், கூட்டாளிகள், வழக்கமாகப் போய் உட்காரும் இடங்கள். அதன்பின் வெற்றுக் கட்டங்கள். பீட் போலீஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து தேதி போட்டு எழுதுவார்கள். நான் எழுதியதில் முக்கால்வாசி 'நடவடிக்கை கண்காணிக்கப்பட்டது, தகவல் எதுவும் இல்லை' என்ற ஒரே வரிதான். சில ஷீட்டில் பத்து வருஷம் அதே வரி ஓடியிருக்கும்.

தண்டனை ஆனவர்களுக்கு மட்டும்தான் ஷீட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தமிழ்நாடு போலீஸ் நிலையாணைகளில், அதாவது துறையின் உள்விதிகளில், 746இல் தொடங்கிப் படித்துப் பாருங்கள். தண்டனை இல்லாதவர் மீதும் மேலதிகாரி உத்தரவோடு திறக்கலாம். ஆனால் சந்தேக நபர் ஷீட் அதைத் திறந்த வருஷத்து டிசம்பர் கடைசி வரைக்கும்தான். அதற்கு மேல் நீட்டிக்க கெசட்டட் அதிகாரியின் உத்தரவு வேண்டும். எஸ்.ஐ., ஏட்டு யாரும் தானாக நீட்டிக்க முடியாது. நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். கடைசி உத்தரவு எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்று கேளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கு. பெயரை ஏற்றும்போது எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். இறக்கச் சொன்னால் ஒருவரும் பேனாவை எடுக்க மாட்டார்கள். நாளைக்கு ஊரில் ஒன்று நடந்தால் 'யார் எடுக்கச் சொன்னது' என்ற கேள்வி வருமே என்ற பயம்.

அலைவாய்க்கரை:
ஸாரி, வேலையில் இருந்தேன். ஒக்கி புயல் முடிஞ்சு 2017 டிசம்பரில் குழித்துறையில் ரயில் மறித்தபோது அண்ணனும் தண்டவாளத்தில் இருந்தார். சித்தப்பா மகன் கடலில் போனவன் அப்போ திரும்பி வரவில்லை. அதில் பெயர் எழுதினாங்களா தெரியாது, சம்மன் ஒன்றும் வரவில்லை. அப்புறம் 2019இல் ஊர்த் திருவிழாவில் அடிதடி. அது கோர்ட்டில் ராஜியாகி முடிஞ்சது. ஒரு எலெக்ஷன் சமயம் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) ஆபீசில் என்னமோ பேப்பரில் கையெழுத்து வாங்கினாங்க. வேற ஒண்ணும் இல்லை.

தக்கலைக்காரன்:
ரயில் மறித்த வழக்கு லோக்கல் போலீஸா, ரயில்வேயா? ரயில்வே சட்டம் 174ஆம் பிரிவில் போட்டிருந்தால் அது தனி ரூட். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அண்ணன் பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடுங்க. பெயரை வேறு வேறு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்க. அந்த மாதிரிப் போராட்டங்களில் சில பெயரை எழுதிவிட்டு 'மற்றும் பலர்' என்று போட்டுவிடுவார்கள். பிறகு யாரை வேண்டுமானாலும் அந்தப் 'பலரில்' சேர்க்க முடியும்.

மதுரை வக்கீல்:
நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், கோப்பைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

ராஜியாக முடிந்த வழக்கு நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்ததா? அப்படியானால் சட்டப்படி அது விடுதலைதான், தண்டனை இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கையெழுத்து அநேகமாக குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107இன் கீழ் அமைதி காக்கும் பிணைப்பத்திரம் (புதிய சட்டத்தில் 126). அதுவும் தண்டனை இல்லை. ஆனால் அப்படிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களை ரவுடிப் பட்டியலில் சேர்க்க நிலையாணையில் இடம் உண்டு. உங்கள் அண்ணன் விஷயம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று என் ஊகம்.

ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். எங்காவது 'குற்றத்தை ஒப்புக்கொள்' என்று சொல்லி அபராதம் கட்ட வைத்தார்களா? பணம் கட்டி முடித்துவிட்டோம் என்று நம் ஆட்கள் நிம்மதியாகப் போவார்கள். பதிவேட்டில் அது தண்டனை என்று நிற்கும்.

பிள்ளைகளின் பள்ளியைக் கேட்டு எழுதியதை விட்டுவிடாதீர்கள். 2024 மே 7ஆம் தேதி அமானதுல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே பேசியிருக்கிறது. ஹிஸ்டரி ஷீட்டில் சிறார் விவரம் இடம்பெறக் கூடாது, அந்தச் சிறார் குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தாலொழிய என்று டெல்லி போலீஸ் தன் நிலையாணையைத் திருத்தியது. மற்ற மாநிலங்களும் தங்கள் விதிகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மனுவில் இதற்கென்று தனிப் பத்தி எழுதுங்கள்.

ஜெபா, லண்டன்:
நான் நாகர்கோவில், இப்போது இங்கே. இதே மாதிரி ஒரு வழக்கு இங்கே நடந்தது. ஜான் கேட் என்ற முதியவர், பிரைட்டனில் ஆயுதத் தொழிற்சாலைக்கு எதிரான போராட்டங்களுக்குப் போய்வந்தவர். தண்டனை ஒன்றும் கிடையாது. 2010இல் தன்னைப் பற்றிப் போலீஸ் வைத்திருப்பதைக் கேட்டு வாங்கினார். அறுபதுக்கும் மேல் பதிவுகள். படம் வரையும் நோட்டை எடுத்து அங்கிருந்தவர்களை வரைந்தார் என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். 2015இல் இங்கத்திய உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார். அப்போது அவருக்கு 94 வயது. மனம் தளராதீங்க அக்கா.

விளவங்கோடு வாத்தியார்:
ஐரோப்பிய நீதிமன்றம் நம் எஸ்.பி.யைக் கட்டுப்படுத்தாது. ராஜி, சந்தேகத்தின் பலன் இவையெல்லாம் சுத்தமான விடுதலையும் இல்லை. போலீஸ் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது தவறில்லை என்று கரக் சிங் வழக்கிலேயே 1962இல் முடிவாகிவிட்டது.

மதுரை வக்கீல்:
சார், அந்த வழக்கையே பாருங்கள். கரக் சிங்கை 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஷீட் திறந்து ராத்திரியில் கதவைத் தட்டினார்கள். அந்த இரவு வருகையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்தது. பின்தொடர்வது போன்ற மீதி விதிகளைப் பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவைத்தார்கள். நீதிபதி சுப்பாராவ் அவர்களுடைய மாறுபட்ட தீர்ப்பு மொத்தமும் போக வேண்டும் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்ற பகுதியை 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். இந்தத் தங்கச்சியின் வீட்டில் பதினொன்றரை மணிக்கு நடந்தது 1962லேயே தவறு என்று சொல்லப்பட்ட காரியம்.

விளவங்கோடு வாத்தியார்:
அது உத்தரப் பிரதேச விதி. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, பிறகுதான் சென்னை நிலையாணைகள் இங்கே வந்தன. எந்த விதியின் கீழ் வந்தார்கள் என்று பார்க்காமல் பேசக் கூடாது.

இரணியல் செல்வி:
எந்த விதியாக இருந்தாலும் அரசியலமைப்பு 21ஆம் பிரிவு ஒன்றுதானே சார்? 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கும் ஒரு குழந்தை ராத்திரி அழுததற்கும் என்ன சம்பந்தம்?

தக்கலைக்காரன்:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு வாதாடுங்க. இங்கே ஒரு வேலை நடக்கணும்.

பழைய ரைட்டர்:
வாத்தியார் சொல்வதில் ஒன்று சரி. எந்த ஷீட் என்று தெரியணும். ஸ்டேஷனில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எஸ்.பி. ஆபீசில் மனு கொடுங்கள். முதலில் அண்ணனுடைய முழுப்பெயர், அப்பா பெயர், முகவரி. அடுத்து இரண்டு வழக்கும் எப்படி முடிந்தன என்று, தீர்ப்பு நகலோடு. 2019க்குப் பிறகு புது வழக்கு இல்லை என்று ஒரு வரி. ஷீட் இருந்தால் அதன் எண், திறந்த தேதி, கடைசி நீட்டிப்பு உத்தரவு. பிறகு ராத்திரி வந்த தேதியும் நேரமும். கடைசியாக, ஷீட்டை மூட வேண்டும் என்று. மனுவின் நகலில் சீல் போட்டு வாங்காமல் அங்கிருந்து நகரவே கூடாது. யாரையும் திட்டி எழுதாதீங்க, அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும்.

மதுரை வக்கீல்:
சரியாகச் சொன்னீர்கள். பதில் வராவிட்டால் அரசியலமைப்பு 226ஆம் பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். கடைசி வழக்கு எப்போது, நீட்டிப்பு உத்தரவு முறைப்படி இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். பல வருஷம் வழக்கே இல்லாமல் ஷீட்டை மட்டும் வைத்திருந்தால் மூடச் சொல்லி உத்தரவுகள் வந்திருக்கின்றன. கைரேகை தனி விஷயம். 2019இல் எடுத்திருந்தால், விடுதலைக்குப் பிறகு அதை அழிக்கக் கேட்கும் உரிமை கைரேகை எடுப்பது பற்றிய பழைய 1920 சட்டத்திலும் இருந்தது, 2022 சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் கேட்காமல் எதுவும் தானாக அழியாது.

சர்டிபிகேட்டுக்கு உடனே விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒருமுறை பாதகமாக அறிக்கை போய்விட்டால் அதைத் திருத்த இன்னொரு அலைச்சல். வேலைக்கு நாள் நெருங்கினால் மட்டும் தீர்ப்பு நகலைச் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

இரணியல் செல்வி:
அபராத விஷயம் என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

அலைவாய்க்கரை:
அண்ணியிடம் கேட்டேன். அபராதம் கட்டவில்லை, அப்போ கொடுத்த பணம் ஜாமீன் எடுத்த செலவு. தீர்ப்பு நகல் பிஸ்கட் டப்பாவில் ரேஷன் கார்டோடு இருந்தது, ஓரம் கறையான் அரிச்சிருக்கு, நம்பர் தெரியுது. ரயில் கேஸ் ஆப்பில் வரவில்லை. இன்றைக்கு நாகர்கோவிலில் மனு கொடுத்தாச்சு, பழைய ரைட்டர் சொன்ன வரிசையில் எழுதினோம், சீல் வாங்கியாச்சு. பிள்ளைகள் விஷயத்துக்குத் தனிப் பத்தி போட்டோம். அண்ணன் வள்ளத்தில் போயிருக்கார், வர அஞ்சு நாள் ஆகும். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பழைய ரைட்டர்:
கறையான் அரித்த நகல் போதாது மக்களே. நம்பரை வைத்துக் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். சீல் போட்ட மனுவை நாலு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

தக்கலைக்காரன்:
தங்கச்சி, ஒரு மாசம் ஆச்சு. பதில் ஏதும் வந்ததா? ராத்திரி மறுபடி யாராவது வந்தாங்களா?