ஒத்தி, போக்கியம், லீசு: உங்களுக்கு என்ன நடந்தது?

மேலமாசி: மதுரையில் ஒத்தி வீட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போக்கியம் என்றாலும் இதுதான்: ஓனரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை, காலி பண்ணும்போது மொத்தத் தொகையும் திரும்பி வரும். எங்கள் ஓனர் தவறிப்போனார். காரியம் முடிந்ததும் அவர் பையன் வந்தான், நாங்களும் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தோம். வாசல்படியில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல ஒத்தின்னு எங்கேக்கா இருக்கு?" என்றான். வாங்கிப் பார்த்தால் மேலே "வாடகை ஒப்பந்தம்", உள்ளே "முன்பணம்". புரோக்கர், ஓனர், சாட்சிக் கையெழுத்துப் போட்ட மளிகைக்கடைக்காரர் எல்லோரும் வாயால் ஒத்தி ஒத்தி என்றுதான் சொன்னார்கள், தாளில் மட்டும் அந்த வார்த்தையைக் காணோம். பணம் எப்படியோ வந்துவிட்டது, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தாம்பரத்தான்: நீங்கள் பரவாயில்லை. இங்கே இதற்குப் பெயர் லீசு. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பேங்க் நோட்டீஸ், சர்ஃபேசி சட்டம் 2002 என்று பெரிய எழுத்தில். கடன் கட்டாவிட்டால் அடமான வீட்டை பேங்க் எடுத்துக்கொள்கிற சட்டம் அது. ஓனர் அந்த வீட்டை வைத்து எங்களுக்கு முன்பே கடன் வாங்கியிருக்கிறார். வந்திருந்த ஆபீசர் "நீங்க யாரு?" என்றார். லீசுக்கு இருக்கிறோம் என்றேன். "லீசா? வருஷ வாடகை எவ்வளவு?" என்றார். வாடகையே இல்லை சார் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாரத்தில் "குடியிருப்பவர்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். லீசு என்றால் குத்தகை, குத்தகை என்றால் வாடகை இருக்க வேண்டும், அதுதான் அவர் படித்த சட்டம். சென்னையில் பாதிப் பேர் பேசுகிற லீசு அதில் எங்குமே இல்லை.

பத்திர எழுத்தர் மகன்: மேலமாசி, அந்தப் பையன் கேட்டதில் தப்பே இல்லை, கோபப்படாதீர்கள். என் அப்பா பத்திரம் எழுதியவர். ஒத்திக்கு வருகிறவர்களுக்கு "சுவாதீன அடமானம்" என்று எழுதுவார், அவர்கள் "என்னங்க ஒத்தின்னு போடாம அடமானம்னு போடுறீங்க, அசிங்கமா இருக்கு" என்று சண்டைக்கு வருவார்கள். அவ்வளவுதான் என் கதை. விஷயம் என்னவென்றால் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில் ஒத்தி ஓர் அடமானம்தான், 58ஆம் பிரிவிலேயே இருக்கிறது: சொத்து கடன் கொடுத்தவர் கைக்கு வரும், அதன் பலனை வட்டிக்குப் பதிலாக அவர் அனுபவிப்பார். ஆனால் அடுத்த பிரிவைத்தான் யாரும் படிப்பதில்லை. அடமானத் தொகை நூறு ரூபாய் இருந்தாலே பதிவு செய்தாக வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். நூறு ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கும் அதேதான். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், அதற்குப் பிறகு வீட்டை வாங்குகிறவனோ கடன் கொடுக்கிற பேங்கோ "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. வெறும் முத்திரைத் தாளில் எழுதி வீட்டு பீரோவில் பூட்டி வைத்தால் அது யார் கண்ணிலும் படாது. முத்திரைத் தீர்வைச் செலவுக்குப் பயந்துதான் ஓனர்கள் வாடகை ஒப்பந்தம் என்று எழுதச் சொல்வார்கள், நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். தாம்பரத்தான், நீங்கள் குடிபோவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தாம்பரத்தான்: வில்லங்கம் போட்டுத்தான் பார்த்தேன் அண்ணே. சுத்தமாக இருந்தது. மூலப் பத்திரத்தைப் பேங்கில் கொடுத்து வைத்தாலே அடமானம்தான், அதற்கு எழுத்துப் பத்திரமும் வேண்டாம் பதிவும் வேண்டாம் என்பதும் நீங்கள் சொல்கிற அதே சட்டம்தானே? மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டு என்று கேட்கச் சொல்லியிருந்தால் அது உபயோகமான யோசனை.

கொட்டாரம்: நாகர்கோவில் பக்கம் நாங்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு தென்னந்தோப்பை ஒற்றிக்கு விட்டிருக்கிறார், ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், கொல்லம் 1098 என்று வருஷம், அதாவது 1922 அல்லது 23. மீட்கலாமா என்று பேசப் போனோம். அந்த வீட்டுப் பாட்டி மோர் கொடுத்து உட்கார வைத்து, "ஒற்றிதான், நான் இல்லன்னு சொல்லலியே மக்ளே, ஆனா இந்தத் தென்னை ஒண்ணொண்ணும் நான் மருமவளா வந்தப்பறம் வச்சது" என்றார். மண் உங்களுடையது, மரம் என்னுடையது என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன பேசுவது? பேசாமல் வந்துவிட்டோம். முப்பது வருஷம் தாண்டினால் தோப்பு அவர்களுக்கே என்றும் அவர் பேரன் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினான்.

பத்திர எழுத்தர் மகன்: பேரனுக்கு யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். அடமானத்தை மீட்க 30 வருஷம் என்று 1963 காலவரையறைச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சுவாதீன அடமானத்துக்கு அந்தக் கணக்கு பத்திரம் எழுதிய தேதியிலிருந்து ஓடாது என்று சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்தின் பலனிலேயே கடன் தீர்ந்தாலோ நீங்கள் பணத்தைக் கட்டினாலோதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். வாங்க மறுத்தால் கோர்ட்டில் டெபாசிட் செய்யச் சொத்து மாற்றச் சட்டத்தில் 83ஆம் பிரிவு இருக்கிறது.

நல்லூரான்: எங்கட யாழ்ப்பாணப் பக்கம் ஈடு வேறை, ஒற்றி வேறை, அறுதி வேறை. ஈட்டில் காணி கை மாறாது, ஒற்றியில் மாறும், அறுதி என்றால் வித்தாச்சு, கதை முடிஞ்சுது. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எங்கட வழமைச் சட்டமான தேசவழமையை எழுத்தில் பதிந்தபோதே ஒற்றிக்கு இடம் இருந்தது. பக்கத்துக் காணிக்காரர் அந்தக் காணியை ஒற்றிக்கு வைத்திருந்தால், விற்கும்போது முதலில் கேட்கும் உரிமைகூட அவருக்கு இருந்தது. 95 போர் இடப்பெயர்வில் எங்கட உறுதி, அதாவது பத்திரம், தொலைந்துவிட்டது. திரும்பிப் போனபோது ஒற்றிக்காரர் தன் பிரதியைப் பெட்டிக்குள் இருந்து எடுத்துக் காட்டினார், தொகை மூவாயிரம். அந்தக் காசுக்கு இண்டைக்குப் பெரிசா ஒண்டும் வாங்கேலாது. கூடத் தாறம் என்று அப்பா சொல்ல, "எழுதினது மூவாயிரம்" என்று அதை மட்டும் எண்ணி வாங்கினார். என்ர சித்தப்பா இண்டைக்கும் அவரை விசரன், பைத்தியக்காரன் என்றுதான் சொல்லுவார்.

வடசென்னை: இடையில் வருகிறேன். எங்கள் திருவொற்றியூரில் இருப்பதும் இதே ஒற்றிதான் என்று சுந்தரர் சிவனையே கிண்டல் செய்திருக்கிறார், ஒற்றியூர் என்றால் அது உம்முடையது இல்லை என்று. சாமிக்கே அந்த நிலை.

தாம்பரத்தான்: சாமிக்கு பேங்க் நோட்டீஸ் வரவில்லையே.

கொட்டாரம்: பத்திர எழுத்தர் மகன், டெபாசிட் சரி, எவ்வளவு கட்டுவது? ஆதாரத்தில் இருப்பது 700 பணம். ரூபாய் இல்லை, திருவிதாங்கூர்ப் பணம். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அப்படிப் பார்த்தால் நூறு ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பதால் என் மச்சான் 98 ரூபாய் சொச்சம் என்கிறான். இந்த இரண்டு ரூபாய்க்காக நேற்று வீட்டில் பெரிய வாக்குவாதம். வக்கீலைப் பார்த்தாயிற்று, அவர் சக்கரம் என்றால் என்ன என்று கேட்கிறார்.