ஆட்டோ லாகினுக்குத் தமிழ்: ‘வினவா நுழைவு’ சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரே ஆள் புழங்கும் வீட்டு மடிக்கணினியைத் திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமல் நேரே பணிமேடையில் கொண்டுபோய் விடுகிற வசதிக்கு என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் நாலைந்து நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘தானியங்கி உள்நுழைவு’ என்று போட்டுவிட்டு அடுத்த சரத்துக்கு, அதாவது மென்பொருளில் மொழிபெயர்க்க வேண்டிய அடுத்த வரிக்கு, போய்விடலாம் என்ற எண்ணம் பலருக்கு இருப்பது தெரிகிறது. போன வாரம் வரைக்கும் எனக்கும் அதில் மறுப்பு இல்லை. அப்பாவின் மடிக்கணினியில் நடந்த ஒன்றுதான் என் எண்ணத்தை மாற்றியது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு விரல் நடுக்கம். கடவுச்சொல்லை அடித்தால் மூன்று முறைக்கு இரண்டு முறை ஏதாவது ஓர் எழுத்து கூடிவிடும். கட்டத்தில் புள்ளிதான் தெரியும் என்பதால் எங்கே பிசகியது என்றும் தெரியாது. அந்தக் கணினியை வேறு யாரும் தொடுவதில்லை, அது வீட்டைவிட்டு வெளியே போவதும் இல்லை. அதனால் லினக்ஸ் பணிச்சூழலான க்னோமின் அமைப்புகளில் பயனர்கள் பகுதிக்குப் போய் அந்த ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டு வந்தேன். மறுநாள் கணினியைத் திறந்திருக்கிறார், பணிமேடை நேராக வந்திருக்கிறது, மனிதருக்கு மகிழ்ச்சி. உலாவியை அழுத்தியதும் நடுவில் ஒரு பெட்டி எழும்பியிருக்கிறது: நீங்கள் கணினியில் உள்நுழைந்தபோது உள்நுழைவுச் சாவிக்கொத்து திறக்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி, அதன் கீழே கடவுச்சொல் கேட்டு ஒரு கட்டம். உடனே தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். “நான் எங்கேயும் நுழையவே இல்லையேப்பா, அதுவாத்தானே வந்துது. அப்போ நுழைஞ்சது யாரு?”

வேறு யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்றே அவர் நினைத்துவிட்டார். அந்தப் பயத்தைத் தெளியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பேசி முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கலைச்சொல் அமைக்கிற நாம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இந்த வசதியில் நுழைவது யார், நுழைய விடுவது யார், எது நடக்கிறது, எது நடக்காமல் போகிறது?

நடப்பது இதுதான். கணினி தொடங்கியதும் ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் போன்ற ஒரு நிரல் எழும்பி, வழக்கமாக நம்மிடம் ‘நீ யார், அதற்கு என்ன சான்று’ என்று கேட்கும். இந்த வசதியை இயக்கிவிட்டால், அமைப்புக் கோப்பில் எழுதிவைத்திருக்கும் பயனர் பெயரை எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்காமலே அந்தப் பெயரில் அமர்வைத் திறந்துவிடும். அமர்வு முழுமையான அமர்வுதான். கோப்புகளுக்கு உரிமையாளர் அதே பயனர்தான். யார் எப்போது நுழைந்தார் என்று பட்டியலிடும் ‘லாஸ்ட்’ கட்டளையை முனையத்தில் அடித்துப் பார்த்தால், நாள், மணியோடு அந்த நுழைவும் பதிவாகியிருக்கும். புதிய மென்பொருள் நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுத் திரை பூட்டிக்கொண்டால் அங்கேயும் கேட்கும். ஆக, நுழைவு நடக்கிறது. வாசலில் கேட்கும் அந்த ஒரு கேள்விதான் நடப்பதில்லை.

சாவிக்கொத்துப் பெட்டி எழும்பியதும் இதனால்தான். நாம் அடிக்கும் கடவுச்சொல் வாசலில் இரண்டு வேலை செய்கிறது: நாம் யார் என்று காட்டுகிறது, அப்புறம் அதே சொல்லே சாவியாகி, சேமித்துவைத்த மற்றக் கடவுச்சொற்கள் இருக்கிற சாவிக்கொத்தையும் திறக்கிறது. கேள்வியே கேட்காதபோது சாவி எங்கிருந்து வரும்? அதனால் சாவிக்கொத்து மூடியே கிடந்து, முதலில் தேவைப்படுகிற இடத்தில் போய் முட்டுகிறது. இதைப் பயனருக்குப் புரியவைப்பதில் பெயருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதுதான் நான் சொல்லவருவது. ‘கேட்காமல் விட்டேன், அதனால் இப்போது கேட்கிறேன்’ என்பதை அப்பா ஒரே மூச்சில் புரிந்துகொண்டிருப்பார். ‘நீங்கள் உள்நுழைந்தபோது’ என்றது அவருக்குப் புரியவில்லை.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

> தானியங்கி உள்நுழைவு என்பதே போதும், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

தானியங்கி என்பது தான் + இயங்கி, தானே இயங்குவது. அது ஒரு பொருளின் பெயர். பணம் தரும் இயந்திரத்துக்கும் கதவுக்கும் அது முன்னொட்டாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த இயந்திரமும் கதவும் தாமே இயங்குகின்றன. நுழைவுக்கு முன்னால் அதே சொல்லை வைத்தால் ‘தானியங்கியின் நுழைவு’ என்று படிக்க இடமிருக்கிறது. இது வெறும் இலக்கணக் குறை என்று விட்டுவிட முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் பாட், அதாவது ஆள் இல்லாமல் தானே வேலை செய்யும் நிரல், என்பதற்கே தானியங்கி என்றுதான் சொல்கிறார்கள். இணையத்தளங்களில் நிரல்கள் கூட்டமாக வந்து கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கின்றனவே, அதைப் பற்றி எழுதும்போது தானியங்கி உள்நுழைவு முயற்சி என்றுதான் எழுதவேண்டியிருக்கும். ஒரே பெயர் ஓரிடத்தில் தாக்குதலையும் இன்னோரிடத்தில் வசதியையும் குறித்தால் படிப்பவர் என்ன செய்வார்?

‘தன்னியக்க உள்நுழைவு’ இந்த வகையில் மேல், பெயரடையாக ஒழுங்காக நிற்கிறது. அதை முன்வைத்த நண்பருக்கு என் மதிப்பு உண்டு, வேறொன்றும் அமையாவிட்டால் அதற்கே என் வாக்கு. ஆனால் அதுவும் எது விடுபடுகிறது என்பதைச் சொல்லவில்லை.

> தானாக உள்நுழை – எளிய தமிழ், யாருக்கும் புரியும்.

இதைத்தான் நானும் எளிது என்று நம்பினேன். ஐயத்துக்கு என் தங்கையிடம் அந்த வரியை மட்டும் காட்டி, இந்தப் பொத்தானைத் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “யார் உதவியும் இல்லாம நானே உள்ள போகணும்னு அர்த்தமா?” என்றாள். தானாக என்ற சொல் ஆளையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். குழந்தை தானாக நடக்கிறது, கதவு தானாகத் திறக்கிறது. ‘உள்நுழை’ என்று ஏவல் வந்தவுடன் அந்தத் ‘தான்’ பயனரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. வேண்டியதற்கு நேர் எதிரான பொருள் வந்துவிடுகிறது.

> தன்னுழைவு. சுருக்கம், அழகு.

சுருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். தன் + நலம் தன்னலம் ஆவதுபோல் தன் + நுழைவு தன்னுழைவு ஆகிறது, புணர்ச்சியில் பிழை இல்லை. ஆனால் அதே எழுத்துகளைத் தன் + உழைவு என்றும் பிரிக்கலாம், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டித்துக்கொள்ளுமே. முதல்முறை படித்தபோது எனக்கு உழைப்புதான் நினைவுக்கு வந்தது. படிப்பவர் முதலில் நுழைவைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் பொருளுக்குப் போக முடியும். பொத்தான் பக்கத்தில் நிற்கிற சொல்லுக்கு அது ஆகாது.

‘நுழைவுத்திரை தவிர்ப்பு’, ‘நுழைவு தாண்டல்’ இரண்டையும் சேர்த்தே மறுக்கிறேன். தாண்டல் என்றால் சுவரேறிக் குதித்த வாடை வருகிறது. தவிர்ப்பு என்றால் நுழைவே இல்லை என்று ஆகிறது, அது உண்மை இல்லை என்பதை மேலே சொன்னேன்.

‘புகுபதிகை’ என்ற வேரில் இருந்து தொடங்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். விக்கிப்பீடியாவில் பழகிய எனக்கு அந்தச் சொல்லின் மீது தனிப் பற்று உண்டு. லாகின் என்பதில் உள்ள லாக், கப்பலின் பதிவேட்டிலிருந்து வந்தது. உள்ளே வந்தவரைக் குறித்துவைக்கும் அந்தப் பொருளைப் ‘பதிகை’ அப்படியே பிடித்துவைத்திருக்கிறது, எதிர்ச்சொல்லாக ‘விடுபதிகை’யும் இயல்பாக அமைகிறது. ஆனால் நாம் மொழிபெயர்க்கும் பணிச்சூழலில் ஏற்கெனவே எல்லா இடத்திலும் ‘உள்நுழை’தான் நிற்கிறது. ஒரே திரையில் மேலே உள்நுழை, கீழே புகுபதிகை என்றால் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பார்கள். வேரை மாற்றுவது தனிப் பேச்சு, இந்த ஒரு சரத்தை வைத்து அதைச் செய்யவேண்டாம்.

இந்த வாசல் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 1961இல் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைக் காட்டினார்கள். ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கத்தான் ‘நீ யார்’ என்ற கேள்வியும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. பலருக்குக் கணினி ஒன்று என்றிருந்த காலத்துக் கேள்வி, ஒருவருக்கு ஒரு கணினி என்று ஆன பிறகும் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. விடை ஒன்றே ஒன்றுதான் என்று முன்பே தெரிந்த வீட்டில் அதைக் கேட்காமல் விடலாம். அந்தக் ‘கேட்காமல்’ என்பதுதான் இந்த வசதியின் உயிர், சொல்லும் அதையே சொல்லட்டும்.

விண்டோஸ் இதை வேறு வழியில் கையாள்கிறது, கவனித்திருப்பீர்கள். அதன் பழைய பயனர் கணக்குப் பெட்டியில் இந்த வசதிக்குப் பெயரே கிடையாது. ‘இந்தக் கணினியைப் பயன்படுத்தப் பயனர்கள் பெயரும் கடவுச்சொல்லும் தரவேண்டும்’ என்ற பொருளில் ஒரு வரி, அதற்கு முன்னால் ஒரு தேர்வுக் கட்டம், அந்த அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அதாவது கேள்வியைச் சொல்லி, கேள்வியை நீக்கச் சொல்கிறார்கள். பயனருக்கு எது விடுபடுகிறது என்பதில் அங்கே குழப்பமே வராது.

அதனால் என் முன்வைப்பு: பெயர்ச்சொல்லாக வினவா நுழைவு. வாடா மலர், வற்றா ஊற்று என்பதுபோல வினவா நுழைவு, வினவாமல் நிகழும் நுழைவு. முதலில் ‘கேளா நுழைவு’ என்றுதான் எழுதினேன், அது இன்னும் எளிது. ஆனால் கேள் என்பதற்குக் காதால் கேட்பதும் பொருள், கேளா ஒலி என்று மீயொலியைச் சொல்கிற வழக்கமும் இருக்கிறது. இன்றைய வழக்கில் வினவுதலுக்கு அந்த இரட்டைப் பொருள் இல்லை. கண்ணுக்குப் புதிதாகப் படும் என்பது உண்மை. ஆனால் கடவுச்சொல்லும் ஒரு காலத்தில் புதிதாகப் பட்ட சொல்தானே, இன்று அதைக் கேட்டு யாரும் தயங்குவதில்லை.

பொத்தானுக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்ச்சொல் வேண்டியதில்லை, அங்கே வினையாகவே எழுதுவோம்: தொடங்கியதும் கேட்காமல் உள்ளே விடு. விடுவது கணினி என்பது இதில் வெளிப்படையாகத் தெரிகிறது, நுழைந்தது யார் என்ற அப்பாவின் கேள்விக்கு இடமே இல்லை. இந்த வரியைத் தங்கையிடம் காட்டினேன், உடனே “அப்போ யார் திறந்தாலும் விட்டுடுமா?” என்றாள். அந்தக் கேள்வி பயனர் மனதில் எழவேண்டும். எழுந்தால்தான் பொத்தானைத் தள்ளுவதற்கு முன் ஒரு நொடி நிற்பார்.

அதற்கான உதவிக்குறிப்பையும் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: “கணினியைத் திறக்கும் எவரும் உங்கள் கோப்புகளைப் பார்க்க முடியும். சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கப் பிறகு ஒருமுறை கடவுச்சொல் கேட்கப்படலாம்.” வட்டு முழுவதும் மறைக்குறியாக்கம் செய்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைத்திருந்தால், நிலைமை வேறு. அங்கே தொடங்கும்போதே வட்டுக்கான கடவுத்தொடரைக் கேட்டுவிடும் என்பதால், அடுத்த வாசலில் கேட்காமல் விடுவதில் பெரிய இழப்பு இல்லை. மேக் கணினியில் வட்டை இப்படி மறைக்கும் ஃபைல்வால்ட் இயங்கினால் இந்த வசதியே கிடைக்காது, தொடக்கத்தில் தரும் ஒரே கடவுச்சொல்லே வட்டையும் திறந்து அமர்வையும் திறந்துவிடும். அதை வினவா நுழைவு என்று சொல்லக்கூடாது, அங்கே ஒருமுறை வினவிவிட்டார்கள்.

இதனோடு குழம்பக்கூடிய இன்னொன்று, கடவுச்சொல்லே வைக்காத கணக்கு. அங்கே திரை வரும், பெயரை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். அதைக் ‘கடவுச்சொல்லற்ற கணக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாம், சிக்கல் இல்லை.

சிக்கல் மூன்றாவதில்தான். ஜிடிஎம்மில் நேரம் வைத்து உள்ளே விடுகிற ஏற்பாடு ஒன்று தனியாக உண்டு. திரை வரும், வைத்த விநாடிகள் ஓடும், அதற்குள் வேறு யாரும் தன் பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குறித்துவைத்த பயனரின் பெயரில் அமர்வைத் திறந்துவிடும். இரண்டு பேர் புழங்கும் வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. ‘தாமத நுழைவு’ என்றால் நேரங்கழித்து வந்தவர்போல் ஆகிறது, ‘கெடு நுழைவு’ என்றால் கெடுதல் முன்னால் வந்து நிற்கிறது. ‘காத்திருந்து உள்ளே விடு’ என்பது பொத்தானுக்கு ஓரளவு சரியாக வருகிறது, ஆனால் பெயர்ச்சொல் எனக்குப் பிடிபடவில்லை. வினவா நுழைவை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இதற்கு ஒரு சொல் யோசித்து எழுதுங்கள், இரண்டையும் ஒன்றாகவே கோப்பில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.