குடிக்காமல் திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்: உங்கள் வீட்டிலும் உண்டா?

அளத்துமகள்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 51 வயது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருட வேலை. போன மழைக்காலத்தில் காலும் முகமும் வீங்கிவிட்டன. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வந்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 4.2. மிக அதிகம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். சுகர் உண்டா என்றார், இல்லை. பிரஷர், லேசாக. குடும்பத்தில் யாருக்காவது கிட்னி பிரச்சினை, இல்லை. அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேலைக்குப் போற அன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "குடிச்சா போணும்லா சார். அங்க எங்க போக?"

அளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி, வரப்பு, உப்புக் குவியல். ஒரு மரம் கிடையாது, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆண்கள் வரப்பில் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்களுக்கு இருட்டு இருக்கும்வரைதான். மூன்று மணிக்கு டார்ச் லைட்டோடு போய், விடிவதற்குள் ஒருமுறை ஒதுங்கினால் உண்டு. அப்புறம் பத்து, பதினோரு மணி வரை மேலேயிருந்து ஒரு வெயில், உப்பிலிருந்து ஒரு வெயில். வீட்டுக்கு வந்ததும் முட்டி வலி, இடுப்பு வலி. பெட்டிக்கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

எனக்கு உறுத்துவது அந்த பாட்டில்தான். ஒரு லிட்டர் பச்சை பாட்டில். ராத்திரி நான்தான் நிரப்பி வைப்பேன். மறுநாள் வரும்போது இரண்டு விரல் அளவு குறைந்திருக்கும். மிச்சத்தைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து என் வேலை. செடி இப்போது என்னை விட உயரம். "ஏம்மா குடிக்கல?" என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது உண்டா?

நைட் டூட்டி:

டயாலிசிஸ் வார்டில் ஒன்பது வருடமாக நர்ஸ். உங்கள் அம்மா மாதிரி ஒரு நூறு பேரையாவது பார்த்திருப்பேன். வயல், செங்கல் சூளை, அளம், ரோட்டு வேலை. பாதிப் பேருக்குச் சுகர் கிடையாது.

நான் மறக்காத ஒருவர் உண்டு. களையெடுக்கும் வேலைக்குப் போனவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். டயாலிசிஸ் ஆரம்பித்து, சிறுநீர் போவதே நின்றுவிட்டால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதிலேயே காப்பி, குழம்பு எல்லாம் அடக்கம். ஒரு மே மாத மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போனப்ப போக இடமில்லைன்னு குடிக்கல. இப்ப கட்டிலுக்குப் பக்கத்துலயே பாத்ரூம் இருக்கு, குடிக்கக் கூடாதுங்கிறீங்க. ஒரே ஒரு சொம்பு குடும்மா." நான் ஒரு ஐஸ் துண்டு கொடுத்தேன். கண்ணை மூடி அதை வாயிலேயே வைத்திருந்தார்.

உங்கள் பதிவில் அந்த வலி மாத்திரையை யாரும் விட்டுவிடக் கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். எப்போதாவது என்றால் தாங்கும், தினமும் என்றால் தாங்காது. நிகரகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களில் சுகரும் பிரஷரும் இல்லாத இளவயது ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் சிறுநீரகம் கெட்டு இறந்தபோதுதான் உலகமே இந்த வெயிலைத் திரும்பிப் பார்த்தது. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றையும் வேலையோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றையும். தண்ணீரை மட்டும் அல்ல.

சுந்தரம் மாமா:

படித்து மனம் கனத்துவிட்டது. என் அண்ணிக்கும் நீர்க்கடுப்பு அடிக்கடி வரும், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் வெந்நீர். பதினோரு மணிக்கு ஒரு இளநீர், வழுக்கையோடு. வாரத்தில் மூன்று நாள் வாழைத்தண்டுச் சாறு, மோரில் கலந்து. பார்லியை வறுத்து இடித்துக் கஞ்சி வைத்து வடிகட்டிய தண்ணீரை ஒரு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வேலைக்குக் கொடுத்துவிட வேண்டும். நெருஞ்சில் முள் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கஷாயம் வைத்து ஒரு மண்டலம் குடிக்கலாம். மூன்று லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, உட்கார்ந்து வாய் வைத்துக் குடிக்க வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது, தேன் நிறத்தில் இருந்தால் உடம்பு கேட்கிறது என்று அர்த்தம். உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கண் விழிக்க விடாதீர்கள். நம் உடம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், முதலாளி பார்த்துக்கொள்ள மாட்டார்.

நைட் டூட்டி:

மாமா, அக்கறையில் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அந்த இளநீரை இந்த அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். கிரியேட்டினின் 4.2 உள்ளவருக்கு இளநீரிலும் வாழைத்தண்டிலும் இருக்கும் பொட்டாசியம் வெளியே போகாமல் தங்கிவிடும், இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். இளநீர் குடித்துவிட்டு அவசரமாகத் தூக்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கஷாயமும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு என்பதையும் அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அளத்துமகள், உங்கள் அம்மாவின் சாப்பாட்டுப் பட்டியலை டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூணாவது மாடி:

நான் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம். பட்டு செக்ஷன் மூன்றாவது மாடியில், எங்களுக்கான பாத்ரூம் மொட்டை மாடியில். ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும், அவர் ஆண். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் நோட்டில் எழுதுவார். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை.

2021இல் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் செக்ஷனுக்கு இரண்டு ஸ்டூல் வந்தன. ஒரு வாரத்தில் அதன் மேல் சேலை அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன.

ஒரு தீபாவளி சமயம். எனக்கு இரண்டாம் நாள். காலையிலிருந்து மாற்றவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பம். ஒரு மாம்பழ மஞ்சள் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அந்த மஞ்சள் அப்படியே வெள்ளையாகி விட்டது. கண் விழித்தபோது அந்த மஞ்சள் சேலை மேலேயே கிடக்கிறேன். முதலில் காதில் விழுந்தது சூப்பர்வைசர் குரல்: "சேலையில எதாச்சும் பட்டுருச்சா பாருங்க."

அந்த மாதம் நீர்க்கடுப்பு காய்ச்சலாகி ஹாஸ்டலில் எட்டு நாள் கிடந்தேன். எட்டு நாள் சம்பளமும் போனது.

மதுரை மேஸ்திரி:

எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. எங்கள் சைட்டில் ஆண்களுக்கும்தான் பாத்ரூம் கிடையாது. நாங்களும் அதே வெயில்தான். போன ஏப்ரலில் என் கண் முன்னால் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து மயங்கிச் சரிந்தார், கைலியைப் பிடித்து இழுத்துத்தான் காப்பாற்றினோம். அந்தக் கைலியின் கிழிந்த கரை இன்னும் என் கையில் இருப்பது போலவே இருக்கிறது. இதைப் பெண்கள் பிரச்சினையாக மட்டும் பேசுவது நியாயமா? இன்னொன்று, என் தங்கை ஏ.சி. ஆபீசில் வேலை செய்கிறாள், நல்ல பாத்ரூம் இருக்கிறது, அவளும் தண்ணீர் குடிப்பதில்லை. பாதி பழக்கம்தான்.

ஆறு மணி வண்டி:

மேஸ்திரி அண்ணே, கொத்தனார் பிழைத்தது நல்லது. வெயில் ஆண் பெண் பார்ப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த சைட்டில் உங்கள் கொத்தனார் சுவர் ஓரமாகப் போய்விட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்திருப்பார். சித்தாள் அக்காவை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? உங்கள் தங்கையின் பழக்கம்கூடப் பள்ளிக்கூடத்தில் வந்ததாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நான் தூய்மைப் பணியாளரின் மகன். அம்மா ஒப்பந்த வேலை. காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு இறங்கினால் இரண்டு மணி வரை தெருதான். ப்ளஸ் டூ லீவில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் துணைக்குப் போனேன். பெரிய பெரிய வீடுகள். பதினோரு மணிக்கு ஒரு வீட்டில் அம்மா தண்ணீர் கேட்டார். அந்த வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், தினமும் பேசுவார். உள்ளே போய்ச் செம்பில் கொண்டு வந்தார். அம்மா இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தார். யாரும் குனியச் சொல்லவில்லை. மேலேயிருந்து ஊற்றினார், முழங்கை வழியாகப் பாதி வழிந்து போனது. எனக்குக் கையில் ஊற்ற வந்தபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

தண்ணீரே இப்படி என்றால், பாத்ரூம் கேட்பதை நினைத்துப் பாருங்கள். குடிக்கும் தண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிவறையும் இருக்க வேண்டும், குடிநீர்க் குழாய் கழிவறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே மீட்டர் கணக்கோடு எழுதியிருந்தார்கள். எங்கள் அம்மாவுக்குத் தொழிற்சாலை தெருதான். எந்தக் குழாயிலிருந்து ஆறு மீட்டர் அளப்பது?

பழக்கம் என்று சொல்லாதீர்கள் அண்ணே. யார் எந்த வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது, நிலம் இல்லாதது இருக்கிறது, பெண்ணாகப் பிறந்தது இருக்கிறது. நோய் கடைசியில் வந்து சேர்கிறது.

மதுரை மேஸ்திரி:

தம்பி, சித்தாள்களைக் கவனித்ததில்லை. உண்மை. நாளைக்கு எங்கள் சைட்டில் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

தம்பி சொன்ன பள்ளிக்கூட விஷயம் சரி. கேரளத்தில் 2019இல் ஆரம்பித்த வாட்டர் பெல் இப்போது எங்கள் பள்ளியிலும் அடிக்கிறது. மணி அடித்ததும் பையன்கள் கடகடவென்று குடிப்பார்கள். பெண் பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கி உதட்டை நனைத்துவிட்டு மூடிவிடுவார்கள். எனக்காகக் குடிப்பது போல. ஒருநாள் ஒரு குட்டியைத் தனியாகக் கேட்டேன். "மிஸ், கதவுல தாப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நிக்கணும். அவ வரலன்னா போக முடியாது." தாழ்ப்பாள் வாங்கி, தச்சருக்குக் கூலி கொடுத்து, எல்லாம் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை. மூன்று வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அளத்துமகள்:

எல்லோருக்கும் நன்றி. மாமா, இளநீர் கொடுக்கவில்லை, பயப்படாதீர்கள். அம்மாவுக்கு டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை, மாத்திரையில் ஓடுகிறது. அளத்துக்குப் போவதில்லை. வலி மாத்திரையை நிறுத்தியாயிற்று.

இடையில் ஒன்று நடந்தது. நைட் டூட்டி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரிய ஆறு பேரை, மழை பெய்து வேலை இல்லாத ஒருநாள் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றுதான் நின்றார்கள், அம்மாவைக் காட்டித்தான் கூட்டிப் போக முடிந்தது. நான்கு பேருக்குச் சரியாக இருந்தது. ஒரு பெரியம்மாவுக்கு 1.9. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1.6, அவருக்கு வயது 34, கடைசிப் பையன் ஒன்றாம் வகுப்பு.

1.6 என்றால் என்ன என்று அக்காவுக்குச் சொன்னேன். பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல். தண்ணீர் குடிக்கணும், வெயில் கூடாது, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கணும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ரிப்போர்ட்டை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்:

"மழை விட்டுட்டா நாளைக்கு வேலைக்குப் போலாம்லா?"