சுறா வரிசை அட்டவணை: முதுகு முள்ளை வைத்துப் பிரித்தால் குழப்பம் வருகிறது, உதவுங்கள்

கடலாடி:
வணக்கம். படத்தைப் பார்த்தே சுறாவின் வரிசையை (order, குடும்பத்துக்கு மேலான பிரிவு) கண்டுபிடிக்க ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். ஸ்குவாலிஃபார்மீஸ் வரிசையில்தான் சிக்கல். "இரண்டு முதுகுத் துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள்" என்று வைத்தால் ஸ்குவாலஸ் பேரினம் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் இதே வரிசையைச் சேர்ந்த கிரீன்லாந்து சுறா வெளியே போகிறது, வேறு வரிசையைச் சேர்ந்த ஹெட்டெரோடோன்டஸ் (கொம்புச் சுறா) உள்ளே நுழைகிறது. எதை முதலில் பார்ப்பது?

திமில்:
முள்ளைப் பிறகு பாருங்கள். இடுப்புத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, அடிப்பக்கத்தில், குதத் துடுப்பு இருக்கிறதா? ஸ்குவாலிஃபார்மீஸில் அது கிடையாது. ஹெட்டெரோடோன்டஸுக்கு முள்ளும் உண்டு, குதத் துடுப்பும் உண்டு. அங்கேயே பிரிந்துவிடும்.

முள் இந்த வரிசைக்குள்ளேயே ஒரே மாதிரி இல்லை. இதிலுள்ள சுறாக்களில் எட்மாப்டெரஸுக்கு இரண்டு முதுகுத் துடுப்பிலும் உண்டு. ஸ்குவாலியோலஸுக்கு முதல் துடுப்பில் மட்டும். டலாஷியாஸுக்கும் கிரீன்லாந்து சுறாவுக்கும் அறவே இல்லை. சென்ட்ரோசிம்னஸில் முள் மிகச் சிறியது, படத்தில் பிடிபடுவதே கஷ்டம். குடும்பம், பேரினம் என்று உள்ளே போகும்போதுதான் முள் கைகொடுக்கும்.

நீரோட்டம்:
ஆண் சுறா என்றால் கவனம். இடுப்புத் துடுப்பிலிருந்து பின்னோக்கி நீளும் இனச்சேர்க்கை உறுப்புகள் பக்கவாட்டுப் படத்தில் குதத் துடுப்பு மாதிரியே தெரியும். அவை ஜோடியாக இருக்கும். குதத் துடுப்பு நடுக்கோட்டில் ஒன்றே ஒன்றுதான்.

கடலாடி:
நன்றி, மாற்றிவிட்டேன். கிரீன்லாந்து சுறா உள்ளே வந்துவிட்டது. ஆனால் வேறு வரிசைகளைச் சேர்ந்த ஸ்குவாடினாவும் (தேவதைச் சுறா) ரம்பச் சுறாவும் கூடவே வருகின்றனவே?

திமில்:
வரும், அவற்றுக்கும் குதத் துடுப்பு இல்லை. அடுத்து உடலைப் பாருங்கள். ஸ்குவாடினா திருக்கை போலத் தட்டையாக, வாய் முகத்தின் முன்நுனியில் இருக்கும். ரம்பச் சுறாவுக்குப் பக்கங்களில் பல் வைத்த நீண்ட மூக்கு, அதில் ஒரு ஜோடி மீசை. இப்படி எதுவும் இல்லாமல், வாய் தலைக்கு அடியில், பக்கத்துக்கு 5 செவுள் பிளவு என்றால் ஸ்குவாலிஃபார்மீஸ்தான்.

கடலாடி:
சரி. அப்புறம் எக்கைனோரைனஸ் என்ற சுறாப் பேரினம்? ஒவ்வொரு நூலில் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது.

நீரோட்டம்:
நெடுங்காலம் ஸ்குவாலிஃபார்மீஸில்தான் வைத்திருந்தார்கள். இப்போது பலர் எக்கைனோரைனிஃபார்மீஸ் என்று தனி வரிசையாகப் பிரிக்கிறார்கள். நானாக இருந்தால் தனிக் கிளை கொடுப்பேன், ஏனென்றால் அடையாளம் அவ்வளவு தெளிவு: துடுப்பில் முள் இல்லை, சிறிய முதுகுத் துடுப்புகள் இரண்டும் பின்னால் தள்ளி, இடுப்புத் துடுப்புக்கு மேலே நெருங்கி நிற்கும், தோலில் பெரிய முட்செதில்கள். அடியில் "சில வகைப்பாடுகளில் ஸ்குவாலிஃபார்மீஸ்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.