சரிவில் சரிவு: ஐந்து சொற்கள் வேண்டும், வெள்ளிக்குள்

ந. எழுதியது:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பராமரிக்கப்படும் சறுக்குத்தடங்களை விட்டு விலகி, ஆளில்லா மலைகளில் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்து சொற்கள் கழுத்தைப் பிடிக்கின்றன.

1. அவலாஞ்ச். நாளிதழ்கள் "பனிச்சரிவு" என்று எழுதிப் பழகிவிட்டன. ஆனால் மலையின் சாய்ந்த பக்கமும் நமக்குச் சரிவுதான். என் வரைவில் இரண்டாம் வாக்கியம் இது: "பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் ஏற்படும்." எது விழுகிறது, எது நிற்கிறது?

2. ஸ்லாப். ஒட்டிப்பிடித்த பனி ஒரே தகடாகப் பிரிந்து நழுவும் வகை.

3. அந்தத் தகடுக்கு அடியில், நொறுங்கக் காத்திருக்கும் அடுக்கு.

4. அது நொறுங்கும்போது காலடியில் கேட்கும் சத்தம். ஆங்கிலத்தில் "வூம்ஃப்" என்றே எழுதிவிடுகிறார்கள்.

5. பனிச்சரிவு ஆபத்தைச் சொல்லும், 1 முதல் 5 வரையுள்ள அளவுகோலின் 3ஆம் நிலை. அகராதிப்படி "கணிசமான". பதிப்பாசிரியர் "நடுத்தரம்" என்று போடச் சொல்கிறார்.

உதவுங்கள்.
ந.

---

பெ. எழுதியது:

அன்பு ந.,

முதற்சொல்லுக்கு விடை ஈராயிரம் ஆண்டுகளாக நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மலையின் சாய்ந்த பக்கத்துக்குத் தமிழ் "சாரல்". "வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட" (குறுந்தொகை 18). நிற்பது சாரல், விழுவது சரிவு. சரி, சார், சாய் மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. சறுக்கு வரை அதை நீட்டலாம். "அடுக்கம்" என்றும் மலைப்பக்கத்துக்குப் பெயருண்டு. ஆனால் நீங்கள் அடுக்கு என்பதை வேறொன்றுக்கு வைத்திருப்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "பனி" என்பதே இங்கே இரவல் சொல். நம் பனி புல்நுனியில் படிவது. முன்பனி, பின்பனி என்று பொழுது வகுத்தவர்கள் வானிலிருந்து கொட்டும் வெண்பஞ்சை எண்ணி வகுக்கவில்லை. "இமம்" என்று சிலர் எழுதுவார்கள். அது வடசொல், வேண்டாம்.

பெ.

---

ம. எழுதியது:

> நிற்பது சாரல், விழுவது சரிவு.

ஐயா, இன்றைக்குச் சாரல் என்றால் முகத்தில் தெறிக்கும் தூறல். "38 பாகைச் சாரலில் நிற்காதே" என்று படிப்பவன் குடை தேடுவான். பள்ளிக் கணக்குப் பாடத்தில் "சாய்வு" என்று எல்லோரும் படித்திருக்கிறோம். சாய்வு நிற்கட்டும், பனிச்சரிவு விழட்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

---

கோ. எழுதியது:

இருக்கிறது. கணக்குப் பாடத்தின் சாய்வு ஒரு விகிதம். 45 பாகைக்கு அதன் மதிப்பு 1, அதாவது 100 சதவீதம். "சாய்வு 30" என்று மட்டும் அச்சாகி, ஒருவர் அதைச் சதவீதமாக எடுத்துக்கொண்டால் அவர் மனத்தில் இருப்பது ஏறத்தாழ 17 பாகை. 30 பாகை என்பது 58 சதவீதம். அதனால் எண் வரும் இடமெல்லாம் "பாகை" விடாமல் வரவேண்டும். அந்த நிபந்தனையோடு சாய்வுக்கு என் வாக்கு.

இன்னொரு குழியும் இருக்கிறது. நிற்கும் இடம் 20 பாகைதானே என்று ஒருவர் நிம்மதியாக இருப்பார். தலைக்குமேல் 38 பாகைச் சாய்வு இருந்தால் அங்கே பிய்த்துக்கொள்வது இவர் மேல்தான் வந்து விழும். ஆக, பனி புறப்படும் சாய்வு, ஓடும் பாதை, வந்து அடங்கும் இடம் என மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு "அடங்குமிடம்" போதும். புதிதாகக் காய்ச்ச வேண்டாம்.

---

சு. எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்தில் நிலச்சரிவு என்று சொல்வதில்லை, மண்சரிவு என்றுதான் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் "பனிச்சரிவு" உடனே விளங்கும். "சாய்வு" என்பதிலும் தடையில்லை. சாரல் வேண்டாம்.

ஸ்லாப்புக்குப் "பனிப்பலகை" சரிவருமோ?

---

ந. எழுதியது:

பனிப்பலகை ஏற்கெனவே ஸ்நோபோர்டுக்குப் போய்விட்டது சு. "பனிப்பலகை உடைந்தால் உயிருக்கு ஆபத்து" என்று எழுதினால் கடையில் மாற்றிக்கொள்ளப் போவார்கள்.

"பாளம்" என்று ஒரு யோசனை. வெள்ளிப் பாளம், இரும்புப் பாளம் போல.

---

கோ. எழுதியது:

பாளத்தில் ஒரு தயக்கம். இரும்புப் பாளம் கெட்டியானது. நழுவும் தகடு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நேற்று விழுந்த மெத்துமெத்தென்ற பனி, காற்றடித்து லேசாக இறுகினாலே போதும், தகடாகப் பிரியும். முழங்கால் வரை புதைகிற பனியைப் பார்த்து "இது பாளம் இல்லையே" என்று ஒருவர் முடிவு செய்தால் நம் சொல்லே அவரை அனுப்பிவைத்ததாகிவிடும்.

---

ம. எழுதியது:

வறண்ட வயல் "பாளம் பாளமாக" வெடித்தது என்கிறோமே. அங்கே கெட்டித்தன்மையா கணக்கு? துண்டாகப் பிரிவதுதான் கணக்கு. காலால் மிதித்தால் பொடியாகும் மண்ணுக்கும் அதைத்தான் சொல்கிறோம்.

---

கோ. எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பாளம். ஆனால் முதலில் வரும் இடத்தில் "பாளம் மெத்தென்றும் இருக்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள்.

அடியிலுள்ள அடுக்குக்கு "நொய்யடுக்கு" என்பேன். அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. கையில் அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் வழியும். அரிசி நொய்யைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். "நொய்ய" என்றால் வலுவில்லாதது என்ற பொருளும் கூடவே வருகிறது.

சொல் பொருந்துகிறதா என்பதை, பாளம் பிரியுமா என்று பனியைத் தட்டிப் பார்க்கும் நீள்தூண் சோதனைப் பத்தியில் ஓட்டிப் பார்த்தேன்:

"குழி தோண்டி, சாய்வின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித்தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக்குக. ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நொய்யடுக்கில் விரிசல் தொடங்கிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது தூணின் மறுமுனை வரை ஓடிவிட்டால், பாளம் பிரியக் காத்திருக்கிறது."

இதில் "தொடங்குதல்" வேறு, "ஓடுதல்" வேறு. விரிசல் தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டால் அது வேறு முடிவு. தயவுசெய்து இரண்டையும் "உடைதல்" என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரு குழி நல்ல முடிவைக் காட்டியதால் மலை முழுதும் நல்லது என்று ஆகாது என்பதும் அந்தப் பத்தியில் இருக்கட்டும்.

---

பெ. எழுதியது:

நொய்யடுக்கு அருமை. நொய், நொய்ம்மை, நொசிவு, நொறுங்கு, நொடி என்று ஒரு குடும்பமே எழுந்து நிற்கிறது. நொடியும் காலத்தை நொறுக்கிய துகள்தானே?

கோ., ஒரு கேள்வி. இந்த நொய் எங்கிருந்து வருகிறது? விழும்போதே அப்படியா?

---

கோ. எழுதியது:

இல்லை ஐயா, பல வழிகள். ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பனிப்பரப்பு மிகவும் குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள ஈரம் நேரே அதன்மேல் இறகிறகாகப் படிகமாகும். பார்க்க அழகு. அதன்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் அப்படியே நொய்யடுக்காகக் கிடக்கும். புல்நுனியில் நீங்கள் சொன்ன பனி படிவதும் ஏறத்தாழ இதே முறைதான். இங்கே நீராக இல்லாமல் நேரே படிகமாகப் படிகிறது, அவ்வளவே.

---

பெ. எழுதியது:

பார்த்தீர்களா! அப்படியானால் அதுதான் உண்மையான பனி. மற்றதெல்லாம் நாம் இரவல் கொடுத்த பெயர். அந்த ஒன்றை மட்டும் "பனி" என்று வைத்துக்கொண்டு, வானிலிருந்து விழுவதற்கு வேறு சொல்

---

ம. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

"இறகுப்பனி" என்று வைத்துவிட்டு நகர்வோம். சத்தத்துக்கு வருகிறேன். ஒலிக்குறிப்புக்குத் தமிழில் பஞ்சமா? "பொதுக்".

---

சு. எழுதியது:

பொதுக்கென்று கால் சேற்றில் புதையும். ந. கேட்பது பெரிய இடம் முழுவதும் ஒன்றாக இறங்குகிற சத்தம் அல்லவா? "தொம்" என்றால் என்ன?

---

கோ. எழுதியது:

தொம். கச்சிதம். நொய்யடுக்கு ஒரே வீச்சில் அமுங்கி, மேலிருக்கும் பாளம் சில மில்லிமீட்டர் இறங்குகிறது. இடையிலிருந்த காற்று வெளியேறுகிறது. காதுக்குக் கேட்பதற்குமுன் காலுக்குத் தெரியும். சமதளத்தில் தொம்மோடு முடிந்துவிடும். அதே தொம் 35 பாகையில் கேட்டால் பாளம் புறப்பட்டுவிட்டது. சமதளத்தில் நிற்பவரின் காலடியில் தொடங்கிய விரிசல் ஓடிப்போய் மேலேயுள்ள சாய்வை அவிழ்த்துவிடுவதும் உண்டு. ஆகவே "தொம் கேட்டால் திரும்பு" என்று மூன்றே சொல்லில் எழுதிவிடலாம்.

---

பெ. எழுதியது:

கையேட்டின் முகப்பில் "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" (467) போடலாமே. முடிவெடுத்தல் பற்றிய நூல்தானே?

---

கோ. எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். அந்தக் குறளை மட்டும் அங்கே போடாதீர்கள். முடிவெடுத்தாகிவிட்டது, இவ்வளவு தூரம் ஏறியாகிவிட்டது, இனி யோசிப்பது கோழைத்தனம் என்ற எண்ணத்தில்தான் ஆட்கள் புதைகிறார்கள். துணிந்தபின்னும் எண்ண வேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் எண்ண வேண்டும். வெயில் ஏறியதா, காற்று திசை மாறியதா, புது விரிசல் ஓடியதா என்று பார்த்து, பாதியில் திரும்புவதுதான் அங்கே திறமை.

---

பெ. எழுதியது:

வள்ளுவர் திரும்பாதே என்று சொல்லவில்லை, யோசிக்காமல் புறப்படாதே என்றார். ஆனால் படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற உங்கள் கவலை புரிகிறது. 471 போடுங்கள்: "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்". மாற்றான் என்பது பனி, துணை என்பது கூட வருகிறவர்கள்.

---

ந. எழுதியது:

471 சரி. ஆறாவது சொல் ஒன்று முளைத்திருக்கிறது, வைதுவிடாதீர்கள். பழகிய இடம் என்ற மிதப்பு, "முன்னால் போனவர் தடம் இருக்கிறதே" என்ற நம்பிக்கை போன்றவற்றுக்குப் பொதுப்பெயர். "மனப்பொறி" என்று வைத்திருக்கிறேன்.

---

ம. எழுதியது:

பொறி என்றால் ஐம்பொறி, தீப்பொறி, இயந்திரப்பொறி, எலிப்பொறி. "மனக்கண்ணி"?

---

சு. எழுதியது:

அவசரத்தில் மனக்கண் என்று வாசிப்பார்கள். மனப்பொறியே இருக்கட்டும். தடம் பற்றி மட்டும் விளக்கம் வேண்டும்: ஒன்பது பேர் கடந்த சாய்வு பத்தாவது ஆளுக்கு அவிழலாம், அவர் பாளம் மெலிந்த இடத்தில் காலை வைத்தால்.

---

ந. எழுதியது:

ஐந்தாவதுக்கு வருவோம். பதிப்பாசிரியர் "5இல் 3 என்றால் நடுத்தரம்தானே" என்கிறார்.

---

கோ. எழுதியது:

இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1இலிருந்து 5 வரை சமப்படிகள் கிடையாது. ஒவ்வொரு படியிலும் ஆபத்து தாவி ஏறுகிறது. 3 என்றால் அன்றைய பனிச்சரிவு அறிவிப்பில் சொன்ன செங்குத்தான சாய்வுகளில் ஒரே ஆளின் எடை பாளத்தை அவிழ்க்கப் போதுமாக இருக்கலாம். 4, 5 என்றால் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுவார்கள். 3இல் வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி கிடக்கும், ஆட்கள் போவார்கள். உயிரிழப்பு அங்கேதான் குவிகிறது. அந்தப் படிக்கு "நடுத்தரம்" என்று பெயர் வைப்பது அழைப்பிதழ் அடிப்பது மாதிரி.

2ஆம் நிலைக்கு "மிதமான" என்றிருக்கிறீர்கள். மிதமான வெயில், மிதமான சூடு என்று நமக்கு அது இதமான சொல். அதுவும் உறுத்துகிறது.

---

ம. எழுதியது:

"கணிசமான" மட்டும் பயமுறுத்துகிறதா? கணிசமான தொகை என்றால் மகிழ்ச்சிதான் வருகிறது. "கடுமை" என்று போடுங்கள்.

---

ந. எழுதியது:

3ஐக் கடுமை என்றால் 4க்கு என்ன? மிகக் கடுமை. 5க்கு?

---

பெ. எழுதியது:

ஆபத்து, அபாயம் இரண்டுமே வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லை. "ஏதம்" என்ற சொல் குறளிலேயே உண்டு. சிற்றேதம், பேரேதம்...

---

சு. எழுதியது:

ஐயா, புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதன்பின் மளமளவென்று குறையும். அந்த நேரத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கத்துகிற சொற்கள் இவை. டிரான்சீவரை (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் அணியும் சமிக்ஞைக் கருவி) "தேடு" என்று மாற்றச் சொல்ல வேண்டும். ஏதம் என்றால் எது என்று கேட்டு நிற்க நேரமில்லை.

---

ந. எழுதியது:

நண்பர்களுக்கு நன்றி. இன்றிரவு கோப்பை அனுப்புகிறேன். சாய்வு (எண்ணோடு பாகை), பனிச்சரிவு, பாளம், நொய்யடுக்கு, இறகுப்பனி, தொம், மனப்பொறி. 3ஆம் நிலைக்கு ஒருமனதாக எதுவும் வரவில்லை. மூவர் "கணிசமான", ம. மட்டும் "கடுமை". "கணிசமான" என்று போட்டு, எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, அருகிலேயே "ஒரே ஆளின் எடை போதுமாகலாம்" என்று சேர்த்துவிட்டேன். "மிதமான" அப்படியே நிற்கிறது, மாற்று கிடைக்கவில்லை.

---

ம. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் திரும்ப வருவேன்.

---

பெ. எழுதியது:

நான் சாரல் என்றே எழுதுவேன்.

---

கோ. எழுதியது:

ந., கோப்பைப் புரட்டினேன். 11ஆம் பக்கம், மூன்றாம் வரி: "சரிவைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்கவும்." அங்கே சாய்வு. கூடவே, "ஒருவர் பின் ஒருவராக" என்றால் வரிசையாகப் போவார்கள். "ஒருவர் கடந்து பாதுகாப்பான இடத்தில் நின்றபின் அடுத்தவர்" என்று மாற்றுங்கள்.