சின்னப் பிள்ளைகளோடு சர்வே எடுப்பதும் பட்டை விளக்கப்படம் போடுவதும்: கேரள-தமிழ்நாடு எல்லைப் பள்ளிகளின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் பிறந்த நாளான ஜூன் 29தான் 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் தினம். பள்ளி திறந்த மாதத்திலேயே வருவதால் பல வகுப்புகளில் அன்றைக்குத்தான் முதல் சர்வே நடக்கும். கேள்வியும் அநேகமாக ஒன்றேதான்: "உனக்குப் பிடிச்ச பழம் எது?" தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். முதல் பிள்ளை மாம்பழம் என்றால் அந்த வரிசை முழுக்க மாம்பழம்தான். மறுபடி கேட்டால் பதில் மாறும். எண்ணி முடித்த பிறகு அந்த விடை யாருக்கும் தேவைப்படாது.

"இன்னைக்கு ஸ்கூலுக்கு எப்படி வந்தே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நடந்த விஷயம், சரிபார்க்க முடியும். ஆனால் வகை பிரிக்கும் வேலை இதில் நிறைய இருக்கிறது, பாடமே அதில்தான். "வண்டி" என்று ஒரு வகை வைத்தால் கெட்டது: அப்பாவின் பைக்கும் வண்டி, ஸ்கூல் வேனும் வண்டி. நடந்து, சைக்கிள், பைக், ஆட்டோ, பஸ் அல்லது வேன் என்று ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்துக்கு மேல் 3ஆம் வகுப்புக்கு வேண்டாம். 1, 2ஆம் வகுப்புக்கு "நடந்து வந்தியா?" என்று கேட்டு, ஆமாம், இல்லை என்ற இரண்டே போதும். அடுத்து, வேலந்தாவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி மிச்சத்தை நடக்கிற பிள்ளை எந்த வகை? "அதிக தூரம் எதில் வந்தாயோ அது" என்ற விதியைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்து கரும்பலகையில் எழுதிய பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். எண்ணும்போது பாதியில் விதி மாறினால் முதலில் எண்ணியதெல்லாம் வீண்.

நம்ம பக்கத்தில் வீட்டு மொழியைக் கேட்க ஆசை வரும். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நாலும் ஒரே வகுப்பில் கிடைக்கும். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மொழி ஓடும். "வீட்டுல என்ன பேசுவீங்க?" என்று கேட்டால் ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் விழும், கூட்டுத்தொகை வருகைப் பதிவை மீறும். "பாட்டிகிட்ட எதுல பேசுவே?" என்று ஒரே ஆளைப் பிடித்துக் கேளுங்கள். பாட்டி இல்லாத பிள்ளைக்கு என்ன வழி என்பதையும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது, அப்பா என்ன வேலை என்பதெல்லாம் கேட்கவே கூடாதவை. பட்டையின் உயரத்தில் ஒரு பிள்ளையின் வறுமை தெரியும்படி எதையும் சுவரில் ஒட்டாதீர்கள்.

பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா, 2ஆம் வகுப்பு ஆசிரியர்:

டீச்சர் சொன்னதோடு எண்ணும் முறையையும் சேர்த்துக்கிறேங்க. ஆளுக்கு ஒரு கோடு போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணும் நேர்க்கோட்டுக் குறியில் எல்லா வகுப்பிலும் வரும் தவறு ஒன்றே: ஐந்து கோடு நிறுத்தி, அதன் மேல் குறுக்குக் கோடு போடுவது. அது ஆறாகிவிடும், பிள்ளை ஐந்து என்றே எண்ணும். சொல்லித் திருத்துவதைவிட, ஈர்க்குச்சியை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டிக் கையில் கொடுங்கள். நாலு குச்சி நிற்கும், ஐந்தாவது படுக்கும். குச்சியில் நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினால் அந்தத் தவறு பெரும்பாலும் போய்விடும்.

வகுப்பையே அவிழ்த்துவிட்டு "போய்க் கேளுங்க" என்றால் ஒருத்தனை மூன்று பேர் கேட்பார்கள், மூலையில் இருப்பவளை ஒருவரும் கேட்கமாட்டார்கள், கேட்கிறவர்கள் தங்கள் பதிலை எழுதவே மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் கேட்க ஒருவர் குறிக்கட்டும். ஒரு ஜோடிக்கு ஒரு பெஞ்ச் வரிசை. கையில் அந்த வரிசையின் பெயர்ப் பட்டியல். குறி போட்டதும் பெயருக்கு நேரே ஒரு டிக். கடைசியில் எல்லா ஜோடிகளின் எண்ணையும் கரும்பலகையில் கூட்டி, அன்றைய வருகையோடு ஒப்பிட வேண்டும். 26 பேர் வந்திருக்க, கூட்டல் 27 என்று வந்தால் படம் போடக் கூடாது. எங்கே கூடியது என்று டிக் பட்டியலில் தேடுவதுதான் அன்றைய கணக்குப் பாடம்.

குமுளி அருகே, தோட்டப் பகுதிப் பள்ளி:

எங்க பக்கத்துப் பள்ளிகளில் பிரச்சினை வேறு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் மட்டும் படிக்கிற சின்னப் பள்ளியில், நாலு வகுப்பும் சேர்ந்தே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆளை எண்ணினால் எல்லாப் பட்டையும் இரண்டு, மூன்றில் நின்றுவிடும், பேச ஒன்றும் இருக்காது. அதனால் ரோட்டில் போகிற வண்டிகளை எண்ணச் சொல்லலாம். பள்ளி வராந்தாவிலிருந்து, ஆசிரியர் கூடவே நின்று, 15 நிமிடம். நம்பர் பிளேட்டைப் பார்த்து வகைகள் மூன்று: கேஎல் (கேரளா), டிஎன் (தமிழ்நாடு), மற்றவை. மூன்றாவதை மறக்காதீர்கள், கர்நாடகா வண்டி ஒன்று வந்தால் பிள்ளை அதை டிஎன்னில் போட்டுவிடும். 4ஆம் வகுப்பு என்றால் கேஎல் 37 வண்டிப்பெரியாறு, டிஎன் 60 தேனி என்று எண் வரைக்கும் போகலாம். சித்தூர்க்காரர்களுக்கு கேஎல் 70, பொள்ளாச்சி டிஎன் 41 இருக்கிறது.

ஒரு பக்கம் போகிற வண்டிகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பிள்ளையால் பார்க்க முடியாது. அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: அதே ஜீப் சுற்றி வந்து மறுபடி கடக்கும். நாம் எண்ணுவது எத்தனை வண்டி என்பதையா, எத்தனை முறை வண்டி கடந்தது என்பதையா? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பி, "கடந்த முறைகள்" என்று தலைப்பில் எழுத வையுங்கள். தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள் காலையில்தான் ஏறும். காலை 15 நிமிடம், மதியம் 15 நிமிடம் என்று தனித்தனியாக எண்ணி, ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டு படம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், டிஎன் பட்டை ஏன் குட்டையானது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை, மறுபடி:

குமுளிக்காரர் சொன்ன ரோட்டுக் கணக்கு அருமை. படம் போடும் இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கெடுவது அங்கேதான்.

நேரே பட்டைக்குப் போகாதீர்கள். முதலில் தரையில் டைல்ஸ் கட்டம் இருந்தால் அதில் பிள்ளைகளையே வரிசையாக நிற்க வையுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒருவர். கட்டம் இல்லையென்றால் சாக்பீஸால் போடலாம். எல்லா வரிசையும் ஒரே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். செருப்பை வரிசையாக வைக்கச் சொல்வார்கள் சிலர்; பெரிய செருப்பு மூன்று, சின்னச் செருப்பு நாலைவிட நீளமாகத் தெரியும். வேண்டாம்.

அடுத்து அட்டை. பழைய காலண்டர் தாளில் 5 செ.மீ. சதுரம் வெட்டி, ஆளுக்கு ஒன்று, பெயரெழுதி ஒட்டச் சொல்லுங்கள். சார்ட் பேப்பர் 56க்கு 71 செ.மீ. நிமிர்த்தி வைத்தால், தலைப்புக்கும் அடிப்பெயருக்கும் போக ஒரு வரிசையில் 12 அட்டை நிற்கும். அதற்கு மேல் ஆள் இருந்தால் 4 செ.மீ. சதுரம், 15 வரை போகும். படம் வரையச் சொல்வதானால் சதுரத்துக்குள்தான்; பஸ்ஸைப் பெரிதாகவும் சைக்கிளைச் சிறிதாகவும் போட்டால் பஸ்ஸில் வந்தவர்கள் அதிகம் போலத் தோன்றும்.

பட்டை விளக்கப்படம் கட்டம் போட்ட நோட்டில், 3ஆம் வகுப்பிலிருந்து. பட்டை ஒரு கட்ட அகலம், இடைவெளி ஒரு கட்டம். பிள்ளைகள் ஓரத்தில் போடும் எண்ணைக் கட்டத்தின் நடுவில் எழுதுவார்கள். அப்போது 5 என்பது கோட்டின் கீழா மேலா என்று தெரியாது. எண் கோட்டுக்கு நேரே வர வேண்டும், அடிக்கோடு 0. யாருமே சைக்கிளில் வரவில்லை என்றாலும் அந்தப் பெயரும் வெற்றிடமும் இருக்கட்டும், அதுவும் ஒரு விடைதான். ஒரு கட்டம் 2 பேர் என்ற அளவுத்திட்டம் 4ஆம் வகுப்பில் போதும். 7 வந்தால் மூன்றரைக் கட்டம் என்பதை முதலில் அட்டையைப் பாதியாக வெட்டிக் காட்டுங்கள்.

"எது அதிகம்?" என்றால் எல்லோரும் சொல்வார்கள். "நடந்து வந்தவங்க ஆட்டோவில வந்தவங்களைவிட எத்தனை பேர் அதிகம்?" என்றால் 9 என்பார்கள், பெரிய பட்டையின் உயரத்தை. குட்டைப் பட்டையின் தலையில் ஸ்கேலைப் படுக்கவைத்து, அதற்கு மேலே நீட்டியிருக்கிற கட்டங்களை மட்டும் எண்ண வையுங்கள். ஆட்டோ 4 என்றால் மேலே 5 கட்டம் நிற்கும். கழித்தல் கணக்கு அதன் பிறகு எழுதலாம். ஜூலையில் நல்ல மழை பெய்யும் ஒரு நாள் அதே கேள்வியை மறுபடி கேட்டு, இரண்டு படத்தையும் பார்த்துப் பேசினால் இன்னும் நல்லது.

சித்தூர் ஆசிரியர்:

அன்னைக்கு லீவு போட்ட பிள்ளைகளை என்ன பண்றதுங்க டீச்சர்? மறுநாள் கேட்டுச் சேர்க்கலாமா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

சேர்க்காதீங்க சார். கேள்வியில "இன்னைக்கு" இருக்கே. படத்துக்கு அடியில் தேதி போட்டு, "வந்தவர்கள் 26, வராதவர்கள் 3" என்று எழுதிவிடுங்கள். வீட்டு மொழி மாதிரி நாள் மாறினாலும் மாறாத கேள்வி என்றால் மறுநாள் கேட்டு அட்டையை ஒட்டலாம், கூட்டுத்தொகையையும் அப்போதே திருத்திவிடணும்.