சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது?

நாகர்கோவிலிலிருந்து, டியூஷன் டீச்சர்:

அயனிகளின், அதாவது எலக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ மின்னேற்றம் பெற்ற அணுக்களின், சுமையைப் பிள்ளைகள் படிக்கிற விதம் எனக்கு மனசுக்கு ஒப்பவே ஒப்பாது. சோடியம் பிளஸ் ஒன்று, மெக்னீசியம் பிளஸ் இரண்டு, குளோரைடு மைனஸ் ஒன்று என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள், மறுநாள் அலுமினியத்தைக் கேட்டால் முழிப்பார்கள். எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிம்மதியாக இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. அது காரணம் ஆகாது.

சாமித்தோப்புப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, நடுவில் எழுந்து கேட்டாள்: "டீச்சர், சோடியம் ஒண்ணைக் குடுக்குது, சரி. ரெண்டாவதையும் குடுத்தா என்ன? கூட ஒரு குளோரின் சேருமே."

கேள்வி என்றால் இது. "இரு மக்களே" என்று சொல்லிவிட்டுப் பலகையில் எண்களை எழுதினேன். சோடியத்தின் எலக்ட்ரான்கள் உள்ளிருந்து வெளியே கூடுகூடாக 2, 8, 1. வெளிக்கூட்டில் இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானை எடுக்க ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ணுகிற ஓர் அளவு) 496 கிலோஜூல். அடுத்ததை உள்கூட்டிலிருந்து பிடுங்க வேண்டும், அதற்கு 4562. ஒன்பது மடங்குக்கும் மேல்! குளோரினோடு சேர்ந்து எவ்வளவு ஆற்றல் கிடைத்தாலும் அந்தச் செலவுக்குக் கட்டாது. வெளிக்கூட்டில் இரண்டு உள்ள மெக்னீசியத்துக்கு 738, அப்புறம் 1451, மூன்றாவதற்கு ஒரேயடியாக 7733. இரண்டாவதற்கும் செலவு கூடத்தான், ஆனால் இரட்டைச் சுமை உள்ள அயனி குளோரைடுகளை அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதால், படிகம் உருவாகும்போது வெளிவருகிற ஆற்றல் அதை ஈடுகட்டிவிடும். எண் எங்கே எகிறுகிறதோ அதற்கு முன்னால் எத்தனை எலக்ட்ரான் போனதோ அதுதான் சுமை.

மெக்னீசியம் குளோரைடின் வாய்பாட்டை அவளே எழுதினாள், ஒன்றுக்கு இரண்டு குளோரின். அது அவள் அப்பா தினமும் பார்க்கிற சரக்குதான். பாத்தியில் சாப்பாட்டு உப்பு முதலில் படிந்துவிடும், மெக்னீசியம் கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதைச் சரியாக வடிக்காவிட்டால் உப்பு ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் கசிந்துகொண்டே இருக்கும் என்று மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் விளக்கினாள்.

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருவர்:

டீச்சர், ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள். எங்கள் கடற்கரைக் கருமணலை வைத்து ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் பதினொன்றாம் வகுப்பில் என் மகன் தடுமாறியது இந்த இடத்தில்தான். கருப்பாக மின்னுகிற இல்மனைட்டில் இருப்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும். இரும்புக்கு 4எஸ் என்ற வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான், அதற்கு உள்ளே 3டி என்ற துணைக்கூட்டில் ஆறு. 4எஸ் இரண்டும் போனால் பிளஸ் இரண்டு, 3டி-யிலிருந்து இன்னொன்று போனால் பிளஸ் மூன்று. இரண்டுக்கும் ஆற்றலில் பெரிய இடைவெளி இல்லை, அதனால் காற்றும் தண்ணீரும் பட்டாலே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறிவிடுகிறது. படகின் ஆணியில் ஏறுகிற செம்பழுப்புத் துருவில் இருப்பது அந்த மூன்றாம் நிலை இரும்பு. ஆக, இரும்பு, டைட்டானியம் மாதிரியான இடைநிலைத் தனிமங்களுக்கு வெளிக்கூட்டை மட்டும் எண்ணினால் போதாது, டி எலக்ட்ரான்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைட்டானியத்துக்கு அப்படிச் சேர்த்தால் இரண்டும் இரண்டும் நாலு, அதற்குமேல் உள்கூடு வந்துவிடும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் எங்கள் பகுதி மணலில் கண்டறிந்த மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் தோரியமும் இதே கணக்கில்தான் பிளஸ் நாலு.